கஞ்சமலை அடிவாரத்தில் இரண்டு வழிகள்

தருமபுரிப் பக்கம் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு மைல்கல் ஒன்றில் ‘அதியமான் பெருவழி’ என்று பாதையின் பெயர் வெட்டியிருக்கிறது. நாவல்தாவளம் என்ற ஊருக்கு இன்னும் 29 காதம் என்று எழுத்தில் சொல்லி, எண்ணிலும் சொல்லியிருக்கிறார்கள். அதோடு நிறுத்தவில்லை. இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. படிக்கத் தெரியாத வண்டிக்காரர் இருட்டில் கையால் தடவிப் பார்த்தாலே இரண்டு பத்து, ஒன்பது ஒன்று என்று கணக்குத் தெரிந்துவிடும். வரலாற்று ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் இந்தக் கல்லைச் சொல்லாமல் நான் எந்த வகுப்புக்கும் பாடத்தைத் தொடங்கியதில்லை. நம் பக்கத்தில் பாதைக்குப் பெயர் இருந்தது, அதில் போகிற சாமானியனை நினைத்துப் பார்க்கிற மனமும் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் பார்க்கவில்லை.

இளம்பிள்ளை என் ஊர். பிறந்ததும் தறி வீடு, வாழ்க்கைப்பட்டதும் தறி வீடு. முகூர்த்த நாள் நெருங்கினால் ஊருக்குள் வேன் நிறுத்த இடம் கிடைக்காது. கர்நாடகா, ஆந்திராவிலிருந்தெல்லாம் கல்யாணச் சேலை எடுக்க வருகிறார்கள். மொத்த விலைக் கடையில் கட்டுக் கட்டாக எடுத்து, டீ குடித்து, வந்த வழியே போய்விடுகிறார்கள். அடுத்த தெருவில் அந்தச் சேலை ஓடிக்கொண்டிருக்கும். ஊருக்குப் பக்கத்திலேயே கஞ்சமலை நிற்கும். இரண்டையும் எட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பார்க்க இங்கே ஒன்று இருக்கிறதென்று நாம் சொன்னதே இல்லையே. சேலத்துக்குச் சுற்றுலா என்றால் ஏற்காடு, மேட்டூர் அணை. அதோடு முடிந்தது.

மெக்சிகோவில் மிச்சோகான் என்றொரு மாநிலம் உண்டு. ஏரியும் மலையுமான நாடு. புரெப்பெச்சா என்ற பழங்குடி மக்களின் மண். அங்கே பயணிகளுக்கு ‘தோன் வாஸ்கோ வழி’ என்று ஒரு பாதை வகுத்திருக்கிறார்கள். வாஸ்கோ தெ கிரோகா என்ற ஸ்பெயின்காரர் 1530களில் நீதிபதியாக மெக்சிகோவுக்கு வந்து, பிறகு மிச்சோகானின் முதல் ஆயர் ஆனவர். ஊருக்கு ஒரு தொழில் என்று அவர் பிரித்துக் கொடுத்ததாக அங்கே சொல்கிறார்கள். சாந்தா கிளாரா தெல் கோப்ரே என்ற ஊரில் செம்புப் பாத்திரம் அடிக்கிறார்கள். பராச்சோவில் கிட்டார் செய்கிறார்கள். கபுலாவில் மண்பாண்டம். உருவாப்பானில் மரத்தட்டில் அரக்குப் பூச்சு. பயணி ஊர் ஊராகப் போய்ச் செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். பக்கத்து மாநிலமான ஹலிஸ்கோவில் கற்றாழைத் தோட்டங்களையும் பழைய சாராய ஆலைகளையும் சேர்த்துத் தெக்கிலா வழி இருக்கிறது. அந்த நிலப்பகுதியை 2006ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஆசையும் வந்தது, ஓர் உறுத்தலும் வந்தது. ஸ்பெயின்காரர் வருவதற்கு முன்பே செம்பு வேலையில் கை தேர்ந்தவர்கள் புரெப்பெச்சா மக்கள். ஆனால் பாதைக்கு வாய்த்தது ஆயரின் பெயர். நம் பக்கத்திலும் ஊருக்கு ஒரு தொழில் இருக்கிறது. சிவதாபுரம், பனங்காட்டில் வெள்ளிக் கொலுசு. கொண்டலாம்பட்டியில் வெண்பட்டு. மேச்சேரியில் செம்மறியாடு. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி. இதையெல்லாம் எந்த ஆயரும் வகுத்துக் கொடுக்கவில்லை. மண், தண்ணீர், சாதி, வரி, பஞ்சம், சந்தை எல்லாம் சேர்ந்து தள்ளித் தள்ளி உருவானவை. ஆகவே நமக்கு ஒரு பாதை போட்டால் அது தொழிலின் பெயரிலேயே இருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அப்படி இரண்டு வழி புறப்படுகிறது. ஒன்று இரும்பு வழி, இன்னொன்று நூல் வழி.

இரும்பை முதலில் சொல்கிறேன். அதைத்தான் ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள்.

கஞ்சமலை காந்தக்கல் மலை. மழை ஓய்ந்ததும் ஓடைப் படுகையில் கருமணல் வரி வரியாகப் படிந்து கிடக்கும். சின்ன வயதில் பழைய ரேடியோக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு ஓடுவோம். மீசை முளைத்தாற்போல் கருமணல் அப்பிக்கொண்டு வரும். அதுதான் இரும்புத் தாது. வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இரண்டு நிலவியலாளர்கள் இந்த வட்டாரத்தை அளந்து 1864ல் அறிக்கை வெளியிட்டார்கள். கொல்லிமலை, கோதுமலை, தீர்த்தமலை என்று அவர்கள் பட்டியலிட்ட இரும்புப் படுகைகளில் கஞ்சமலைக்குத் தனி இடம் உண்டு.

அவர்கள் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே இரும்பு காய்ச்சினார்கள். ஆள் உயரத்துக்குக் குறைந்த மண் உலை. ஆட்டுத்தோலில் இரண்டு துருத்தி. அலசிய கருமணலையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிப் போட்டு, கை ஓயாமல் ஊத வேண்டும். இரும்பு தண்ணீராக உருகி ஓடாது. துளைத்துளையான ஒரு கட்டியாக அடியில் திரளும். இடுக்கியால் அதை வெளியே இழுத்துச் சம்மட்டியால் அடிக்க அடிக்கக் கசடு தெறித்துப்போய் இரும்பு நிற்கும். இது கொழுவுக்கும் மண்வெட்டிக்கும் போதும்.

எஃகுக்கு அடுத்த படி ஒன்று இருந்தது. அந்த இரும்பை நறுக்கி, சின்ன மண் மூசையில் போட்டு, காய்ந்த ஆவாரங்கட்டையைச் சீவிச் சேர்த்து, மேலே எருக்கிலை வைத்து மூடி, களிமண்ணால் வாயைப் பூசுவார்கள். மூசைகளை உலையில் அடுக்கி இரண்டு, இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். உள்ளே கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் இறங்கும். ஆறவிட்டு மூசையை உடைத்தால் எஃகுக் கட்டி. இதைத்தான் ஐரோப்பாவில் வூட்ஸ் என்றார்கள். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் வியந்த வாளுக்குத் தென்னிந்திய எஃகு போனது. மின்சாரத்தை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடேயே 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த எஃகில் என்னதான் இருக்கிறது என்று சோதனை மேல் சோதனை செய்தார். ஆவாரையும் எருக்கும் எங்கள் காட்டில் யாரும் நடாமல் தானாக வளர்கிற செடிகள். பிள்ளைகளை மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போகும்போது இரண்டையும் தொட்டுக் காட்டித்தான் எஃகைப் பற்றிச் சொல்வேன். கேட்டுக்கொண்டிருந்த ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், “எங்க கொல்லையில ஏரு ஓட்டுனா இப்பவும் சிட்டக்கல்லு வருமுங்க டீச்சர்” என்று சொல்லி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கசடைக் கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பாக, கண்ணாடி மினுக்கோடு, கைக்குக் கனமாக இருந்தது.

ஆவாரையும் எருக்கும் போட்டு எஃகு செய்யும் முறையை ஆங்கிலத்தில் எழுதி வைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தப் பக்கம் வணிக அதிகாரியாக இருந்தவர். துணியும் பருத்தியும் அவருடைய பொறுப்பு. பிறகு இரும்பின் மேல் ஆசை வந்து வேலையை விட்டார். 1830ல் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேய முறையில் பெரிய உலை அமைத்தார். சேலத்துத் தாது அங்கே போனது. வேல்ஸ் நாட்டு மெனாய் நீரிணையின் மேல் கட்டிய பிரிட்டானியா பாலத்திலும் பரங்கிப்பேட்டை இரும்பு சேர்ந்தது என்று எழுதுகிறார்கள். ஆனால் தொழில் நிலைக்கவில்லை. அந்த உலைகளுக்குத் தீனி மரக்கரி. காடு வெட்ட வெட்டக் கரி வரும் தூரம் கூடிக்கொண்டே போனது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மலிவு இரும்பு விலையை அடித்தது. ஹீத் ஷெஃபீல்டுக்குப் போய், மாங்கனீசு சேர்த்து எஃகைத் திருத்தும் முறைக்கு 1839ல் காப்புரிமை வாங்கி, அதைக் காக்க வழக்குகளில் அலைந்து 1851ல் இறந்தார். அதற்குப் பிறகு புதிதாக வந்த ஒரு கம்பெனி, எடப்பாடிப் பக்கம் காவிரிக் கரையில் பூலாம்பட்டியில் உலை போட்டது. கஞ்சமலைத் தாது அங்கே போனது. 1860களில் எல்லா உலைகளும் அணைந்துவிட்டன.

கம்பெனி உலை அணைந்ததற்காக நான் வருத்தப்படவில்லை. அந்தச் சில பத்தாண்டுகளில் காடு அழிந்து, விலை விழுந்து, துருத்தி ஊதிய குடும்பங்களும் வேறு பிழைப்புக்குப் போய்விட்டன. அதுதான் இழப்பு. ஹீத்தின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அவருக்குச் செய்து காட்டியவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

கஞ்சமலையிலேயே இன்னொரு கதையும் இருக்கிறது. திருமூலரின் சீடர் காலாங்கிநாதர் இங்கே சமைக்கும்போது ஒரு குச்சியால் சோற்றைக் கிண்டினார். சோறு கறுத்துப்போயிற்று. குருவுக்கு அதைக் கொடுக்கக் கூடாதென்று தானே தின்றார், கிழவர் இளைஞரானார் என்பது தல வரலாறு. எங்கள் ஊர்ப் பெயரையே அதிலிருந்து சொல்கிறவர்கள் உண்டு. சித்தர்கோவிலுக்கு அமாவாசை தோறும் கூட்டம் வரும். ஆடி அமாவாசைக்குச் சாலையே அடைபடும். உலோகத்தையும் மூலிகையையும் மூசையில் வைத்து ஊதியவர்கள் சித்தர்கள். ஆவாரையையும் இரும்பையும் மூசையில் வைத்து ஊதியவர்கள் கொல்லர்கள். ஒரே மலையில் இரண்டும் சேர்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மலையின் மறுபக்கம் சேலம் உருக்காலை. 1970ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலைத் தாதுவையும் நெய்வேலி நிலக்கரியையும் வைத்து நடத்துவதாகத்தான் முதலில் பேச்சு. கடைசியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக 1981ல் ஓடத் தொடங்கியது. மலையின் கல் மலையிலேயே கிடக்கிறது.

இரும்பு வழி அதோடு முடியவில்லை. தாரமங்கலம் போனால் கெட்டி முதலிகள் எழுப்பிய கைலாசநாதர் கோயில். யாளியின் வாய்க்குள் கல் பந்து உருளும், கையை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. கூரையிலிருந்து கல் சங்கிலி தொங்கும். எல்லாம் ஒரே கல். வழிகாட்டிகள் ரதியையும் மன்மதனையும் வாலியையும் சுக்ரீவனையும் காட்டுவார்கள். நான் பிள்ளைகளிடம், இந்தக் கருங்கல்லை வெட்டிய உளியை யார் அடித்துக் கொடுத்தது, அதற்கு எஃகு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்பேன். திரும்பிக் கஞ்சமலையைப் பார்ப்பார்கள். அங்கிருந்து சங்ககிரி. 1805ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை. இன்று லாரிக்காரர்களின் ஊர். பிறகு திருச்செங்கோடு. அர்த்தநாரீசுவரர் மலையடிவாரத்தில் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும். இந்தியாவில் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும் அந்த வண்டியில் திருச்செங்கோடு என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். கடைசியாக நாமக்கல். எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைந்த நரசிம்மர், ரங்கநாதர் குடைவரைகள் மலையில். ஊரைச் சுற்றி லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள். கருமணலில் தொடங்கி லாரி வரைக்கும், ஒரே நாளில் போய் வரக்கூடிய தூரத்துக்குள் இரும்பின் முழுக் கதையும் கிடக்கிறது.

நூல் வழி எங்கள் வீட்டிலேயே தொடங்குகிறது. அப்பாவுக்குக் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதித்தால் விழுது மேலும் கீழும் போகும், கையால் கயிற்றை வெட்டி இழுத்தால் நாடா ஓடும். அம்மா ராட்டையில் தார் சுற்றுவார். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி போட்டுப் புருசால் நீவுவார்கள். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் சைக்கிள் வராது. பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு வந்தால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் புணைக்க வேண்டும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஆத்தா செய்கிற வேகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தத் தறிக்கு நீண்ட பின்கதை இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளிலேயே தறி இறை என்று வரி வருகிறது. நெய்கிறவனிடம் வரி வாங்காத அரசே இல்லை. 1792ல் திப்புவிடமிருந்து சேலம் கம்பெனி கைக்குப் போனதும் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார். துணி ஏற்றுமதிக்காகச் சேலத்து நெசவாளரிடம் கம்பெனி கொள்முதல் செய்தது. 1862ல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயில் பாதை முடிந்தபோது சேலமும் சங்ககிரியும் அதில் இருந்தன. சரக்கு போன அதே பாதையில் ஆலை நூலும் ஆலைத் துணியும் வந்து இறங்கின. ராட்டையில் நூற்றவர்களுக்குத்தான் முதல் அடி. 1925ல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தது இந்த நூற்கிற கைகளுக்காகத்தான். பஞ்சு கொடுத்து, நூலை வாங்கி, கதர் நெய்தார்கள். மதுவிலக்குக்காக அவர் நடத்திய ‘விமோசனம்’ இதழில் கல்கி வேலை பார்த்ததும் அங்கேதான். கட்டடங்களும் கதரும் இன்னும் இருக்கின்றன. போய்ப் பாருங்கள்.

சேலத்தில் 1960ல் கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. 1985ல் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கி மத்திய அரசு சட்டம் போட்டது. ஆனால் எங்கள் தெருவில் காற்று வேறு பக்கம் அடித்தது. நான் வேலைக்குப் போன காலத்தில் ஒவ்வொரு வீடாகக் குழியை மண் போட்டு மூடி, மேலே சிமென்ட் பூசி, விசைத்தறியை நிறுத்தினார்கள். ரேயானும் பாலியெஸ்டரும் வந்தன, சூரத்திலிருந்து சரிகை வந்தது, ஜக்கார்டு பெட்டி தலைக்கு மேல் ஏறியது. பட்டு வாங்க முடியாத வீட்டுப் பெண்ணும் முகூர்த்தத்துக்குப் பளபளவென்று ஒரு சேலை கட்ட முடிந்தது இளம்பிள்ளையால்தான். அபூர்வா சேலை என்றால் தென்னிந்தியாவில் தெரியாத ஜவுளிக்கடை கிடையாது. இதை மட்டமான சரக்கு என்று சொல்கிறவர்களோடு நான் எப்போதும் சண்டை போடுவேன். அது ஏழை வீட்டுக் கல்யாணத்தின் மரியாதை. அதே நேரம் செயற்கை இழையைப் பட்டு என்று சொல்லி விற்பது தப்பு. இழை எதுவென்று சேலையில் சீட்டு ஒட்ட வேண்டும். உண்மையைச் சொன்னால் விற்பனை படுத்துவிடாது.

நூல் வழியில் இளம்பிள்ளைக்கு அடுத்து ஜலகண்டாபுரம், எடப்பாடி, காவிரிக் கரையில் குமாரபாளையம். ஆற்றைத் தாண்டினால் பவானி ஜமக்காளம். பூலாம்பட்டியில் மட்டும் இரண்டு வழியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. எடப்பாடித் தறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு வந்தால் பழைய இரும்பு உலையின் ஊர் அது. நெருஞ்சிப்பேட்டைக்குப் படகு போகிறது. பிள்ளைகளுக்கு ஏற்காட்டை விட அந்தப் படகு பிடிக்கும்.

இந்த இரண்டு வழியையும் வரைந்து, எங்கெங்கே பலகை வைக்கலாம் என்று குறித்து ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதற்காகக் காத்திருக்கவும் முடியாது. கஞ்சமலை அடிவாரத்தில் வீட்டுமனை பிரிக்கிறார்கள். அந்த ஆடு மேய்க்கும் பெரியவரின் கொல்லை போல எத்தனை கொல்லையில் சிட்டக்கல் கிடக்கிறதோ, பொக்லைன் இறங்கினால் ஒரே நாளில் போய்விடும். குழித்தறியும் அப்படித்தான், ஒன்றிரண்டு கிழவர்களின் வீட்டில் இருக்கிறது. என் கோரிக்கை பெரிதில்லை. கசடு கிடக்கும் இடங்களைத் தொல்லியல் துறை அளந்து குறிக்க வேண்டும். பேரூராட்சி ஒரு பழைய வீட்டை எடுத்து, ஒரு குழித்தறி, ஒரு துருத்தி, ஒரு மூசை வைத்தால் போதும். வழிகாட்டியாக வெளியூரிலிருந்து ஆள் வேண்டாம், நெய்தவரும் பட்டறைக்காரரும் சம்பளத்துக்கு நிற்கட்டும். தறி வீட்டுக்குள் போகிற ஒவ்வொருவரும் அந்த வீட்டுக்குக் கட்டணம் கொடுக்கட்டும். ஊர்ப் பலகையில் அதியமான் பெருவழிக் கல்லைப் போல எழுத்தும் எண்ணும் குழியும் இருந்தால், கண் தெரியாதவரும் தடவிப் படிப்பார்.

சேலை எடுக்க இளம்பிள்ளை வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமாவாசையை விட்டு வேறு நாளில் வாருங்கள். சேலத்திலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. சித்தர்கோவிலில் இறங்கி மலையடிவாரத்தைச் சுற்றுங்கள், கூட வரும் பிள்ளையின் கையில் ஒரு காந்தத்தைக் கொடுங்கள். மறு பஸ்ஸில் ஊருக்கு வந்து, கடைக்குப் போகுமுன் ஏதாவது ஒரு தறி வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எங்கள் ஊரில் யாரும் உள்ளே வரக்கூடாதென்று சொல்லமாட்டார்கள்.